தமிழ்நாட்டுக்கு வெளியே எங்களுக்காகப் பேசிய இந்தியத் தலைவர்: ஜோர்ஜ் பெர்னாண்டஸ்

கேள்வி: "தமிழ்நாட்டு அரசியல்வாதிகளை விடுங்கள். ஈழத்தமிழருக்காக உண்மையாகக் குரல் கொடுத்த வேறு இந்தியத் தலைவர் யாராவது உண்டா? பதவிக்கு வந்தபிறகு அவர் ஏதாவது செய்தாரா?"

உண்டு. ஜோர்ஜ் பெர்னாண்டஸ். நான் கிளிநொச்சிக்காரன், போர்க்காலம் முழுக்க வன்னிக்குள் இருந்தவன். அந்த இடத்தில் நின்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் பலருக்கு அவரை இந்தியாவின் பாதுகாப்பு அமைச்சராகத்தான் தெரியும். எங்கள் வீட்டில் அந்தப் பெயர் அதற்கு முன்பே அடிபட்டது. அப்பா ரயில்வேயில் பாதை பராமரிக்கும் தொழிலாளி. 1990 ஜூனில் கொழும்பு–யாழ்ப்பாண ரயிலான யாழ்தேவி வராமல் நின்றபிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் ஊரெல்லாம் பங்கர் மூடப் போயின. தான் சல்லி போட்டுக் காத்த பாதையில் இருந்தே அப்பாவும் கட்டை கழற்றி வந்து எங்கள் பங்கருக்கு மேல் அடுக்கினார். அவருக்குப் பெர்னாண்டஸ் என்றால் 1974ஆம் ஆண்டு.

அந்த ஆண்டு மே 8ஆம் திகதி இந்திய ரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஏறத்தாழ 17 இலட்சம் பேர். எட்டு மணி நேர வேலை, போனஸ், சம்பளத் திருத்தம் கேட்டார்கள். சம்மேளனத் தலைவர் பெர்னாண்டஸைத் தொடங்க முன்பே பிடித்து உள்ளே போட்டாயிற்று. இந்திரா காந்தி அரசு ஆயிரக்கணக்கில் கைது செய்தது, குடும்பங்களை ரயில்வே குவாட்டர்ஸில் இருந்து வெளியே தள்ளியது. மே 27ஆம் திகதி வேலைநிறுத்தம் கைவிடப்பட்டது. ஆறு வருடம் கழித்து, 1980 ஜூலையில், எங்கள் நாட்டிலும் அரச ஊழியர் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜே.ஆர். ஜயவர்த்தன அரசு 40,000 பேருக்கு மேல் வேலையால் நிறுத்தியது. அதில் அப்பாவோடு வேலை செய்தவர்களும் இருந்தார்கள். "அங்க தோத்தவன் பிறகு மந்திரியா வந்தான், இங்க தோத்தவன் கடைசிவரைக்கும் தெருவில நிண்டான்" என்று அப்பா சொல்லுவார். அந்தக் கோபத்தோடு சேர்ந்துதான் இந்தப் பெயர் என் காதில் விழுந்தது.

மங்களூரில் 1930 ஜூன் 3ஆம் திகதி பிறந்தவர். பிரித்தானிய மன்னர் ஐந்தாம் ஜோர்ஜின் பிறந்தநாளும் அதுவே, அதனால் தாய் வைத்த பெயர் ஜோர்ஜ். 16 வயதில் பாதிரியாராக்கவென்று பெங்களூர் குருமடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பெரியவர்களுக்கு உயர்ந்த மேசையும் நல்ல சாப்பாடும், மாணவருக்கு வேறு சாப்பாடு. அதைச் சகிக்காமல் வெளியேறிவிட்டார். 1949இல் பம்பாய்க்குப் போய், சௌபாத்தி கடற்கரை வாங்குகளில் படுத்து, பொலிஸ்காரன் எழுப்பினால் எழும்பி நடந்து, பிறகு துறைமுகத் தொழிற்சங்கத்தில் சேர்ந்து மேலே வந்தார். 1967 தேர்தலில் தென்பம்பாயில் காங்கிரசின் அசைக்க முடியாத ஆள் என்று பெயர் எடுத்திருந்த எஸ்.கே. பாட்டீலைத் தோற்கடித்தார்.

1975இல் அவசரநிலை வந்ததும் தலைமறைவானார். அவரைத் தேடிய பொலிஸ் தம்பி லோரன்சைப் பிடித்துச் சித்திரவதை செய்தது. தேடப்படுகிறவனின் வீட்டாரைப் பிடிப்பது என்றால் என்ன என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 1976 ஜூனில் கல்கத்தாவில் அகப்பட்டார். விலங்கு பூட்டிய கையை உயர்த்திக் காட்டும் அவருடைய படம் அந்தக் காலத்துக்கு உரியது. 1977 தேர்தலில் சிறைக்குள் இருந்தபடியே பீகாரின் முசபர்பூரில் நின்றார். தொகுதிக்குள் கால் வைக்கவில்லை. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஜனதா அரசில் கைத்தொழில் அமைச்சரானார், கொக்கா கோலாவும் ஐபிஎம்மும் இந்தியாவை விட்டுப் போனது அப்போதுதான். 1989இல் வி.பி. சிங் அரசில் ரயில்வே அமைச்சர். கொங்கண் ரயில்பாதைக்கு உயிர் கொடுத்தவர் அவர். இந்திய அமைதிப்படையின் கடைசிக் கப்பல் 1990 மார்ச்சில் எங்கள் கரையை விட்டுப் போனதும் அந்த அரசின் காலத்தில்தான்.

இனி நான் ஏன் அவர் பெயரைச் சொல்கிறேன் என்பது.

1997 டிசெம்பர். இலங்கை இராணுவத்தின் ஜெயசிக்குறு நடவடிக்கை மே மாதம் தொடங்கி, ஏ9 வீதியில் சண்டை நடந்துகொண்டிருந்தது. கிளிநொச்சி நகரம் முந்தின வருடமே இராணுவத்திடம் போய்விட்டதால் நாங்கள் ஸ்கந்தபுரத்தில் ஒரு கொட்டிலில் இருந்தோம். வன்னிக்குள் பற்றரி கொண்டுவரத் தடை, மண்ணெண்ணெய் அளந்துதான் கிடைக்கும், மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து தட்டுப்பாடு. ரேடியோ கேட்பதென்றால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைப் பின்சில்லோடு அழுத்தி, அதில் இருந்து வயர் இழுத்து ரேடியோவில் கொழுவ வேண்டும். ஒருவர் பெடலைக் கையால் சுற்ற மற்றவர்கள் சுற்றிவர இருந்து கேட்பார்கள். சுற்றுகிறவரின் கை களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரல் தேய்ந்துவிடும். உடனே அடுத்தவர் கை மாற்றுவார். பிபிசி தமிழோசைக்கும் வெரித்தாஸுக்கும் அப்படித்தான் காத்திருப்போம்.

அந்த மாதம் பெர்னாண்டஸ் டில்லியில் ஈழத்தமிழருக்காக ஒரு சர்வதேச மாநாடு கூட்டினார். அரசு தடை போட்டது. அவர் விடவில்லை, கிருஷ்ண மேனன் மார்க்கில் இருந்த தன் வீட்டிலேயே நடத்தினார். அந்த வீட்டுக்கு வாசல் கதவே கிடையாது, கழற்றி விட்டிருந்தார். பர்மாவில் இருந்து தப்பி வந்த மாணவர்களுக்கும் அதே வீட்டில் இடம் கொடுத்து வைத்திருந்தார்.

ராஜீவ் காந்தி கொல்லப்பட்டு ஆறரை வருடம்தான் ஓடியிருந்தது. டில்லியில் எங்கள் பெயரை எடுத்தாலே சந்தேகத்தோடு பார்த்த நேரம். தமிழ்நாட்டிலேயே பலர் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். பெர்னாண்டஸின் அரசியல் களம் பீகார். அங்கே வயலுக்குப் போகிற ஒரு வாக்காளருக்கு வன்னி எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரிய வேண்டிய தேவை இல்லை. எங்களுக்காகப் பேசி அவருக்கு ஒரு வாக்குக் கூடியிருக்காது, எதிரிகள்தான் கூடினார்கள். எங்களை வைத்து மேடை போட்டவர்களையும், மேடை முடிந்ததும் மறந்தவர்களையும் நிறையப் பார்த்துவிட்டோம். அதனால்தான் இந்த மனிதரை நான் வேறாக வைக்கிறேன்.

கேள்வியின் இரண்டாம் பகுதி இனி. 1998 மார்ச்சில் வாஜ்பாய் அரசில் பாதுகாப்பு அமைச்சரானார். விடுதலைப் புலிகள் மீது 1992இல் வந்த தடையை அந்த அரசும் நீட்டிக்கொண்டுதான் போனது, அதில் அவர் எதையும் மாற்றவில்லை. ஆனால் 2000 ஏப்ரல் 22இல் ஆனையிறவு இராணுவத் தளம் புலிகளிடம் விழுந்து, யாழ்ப்பாணத்தில் பல்லாயிரம் படையினர் முடங்கிப்போய்க் கொழும்பு உதவி கேட்டபோது, படை அனுப்ப மாட்டோம் என்று டில்லி சொல்லிவிட்டது. 1987இல் இந்தியப் படை வந்தபிறகு நடந்ததை அனுபவித்த எங்களுக்கு அந்தச் செய்தி எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லி முடியாது. அந்த முடிவு முழு அமைச்சரவையினுடையது. அதை ஒருவர் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. ஆனால் பாதுகாப்பு அமைச்சர் கதிரையில் எங்கள் கதை தெரிந்த ஒருவர் இருந்தார் என்பதை நாங்கள் கவனிக்காமல் இருக்கவில்லை.

அவரைக் கொண்டாடுகிறவர்கள் மறைக்கிற பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2001இல், ஆயுதக் கொள்வனவு லஞ்சத்தை ஒளிப்பதிவு செய்து வெளியிட்ட தெகல்கா விவகாரத்தில் பதவி விலகி, அந்த வருடமே திரும்பவும் வந்து உட்கார்ந்தார். அதைவிட மோசம் 2002. குஜராத் கலவரத்தில் முஸ்லிம் பெண்களுக்கு நடந்த கொடுமைகள் புதிதல்ல என்ற தொனியில் மக்களவையில் பேசினார். விலங்கிட்ட கையோடு நின்ற மனிதர் அதிகாரத்தில் இருப்பவர்களுக்காக இப்படி வாதாடினார். எங்கள் மண்ணில் பெண்கள் பட்டதைத் தெரிந்த எனக்கு அந்தப் பேச்சை ஏற்க முடியாது, இன்றைக்கும் முடியாது.

கடைசிக் காலம் கொடியது. மறதி நோய் பிடித்துவிட்டது. 2009இல் உடல்நிலையைக் காரணம் காட்டிச் சொந்தக் கட்சியே முசபர்பூர் தொகுதியைக் கொடுக்கவில்லை. சுயேச்சையாக நின்று தோற்றார். அந்தத் தேர்தல் முடிவு வந்தது மே 16ஆம் திகதி. நாங்கள் அப்போது முள்ளிவாய்க்காலில் இருந்து வட்டுவாகல் பக்கம் நடந்துகொண்டிருந்தோம். முகாமுக்கு வந்து நெடுநாள் கழித்துத்தான் அவர் தோற்ற செய்தி தெரியும். 2019 ஜனவரி 29இல் டில்லியில் காலமானார்.

இவரோடு சேர்த்து இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும்: வி.ஆர். கிருஷ்ணய்யர். கேரளத்தின் 1957 அமைச்சரவையில் இருந்து, பின்னர் இந்திய உச்ச நீதிமன்ற நீதிபதியானவர். எங்களுக்காக அவரும் வாய் திறந்து பேசியவர். அவரைப் பற்றி யாராவது தனியாகக் கேட்டால் எழுதுகிறேன்.