இடப்பக்கம் போகச் சொன்னவள்

அன்புள்ள அண்ணா,

உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். வயது 22. கேம்களைப் பற்றி நீங்கள் எழுதியதை எல்லாம் வாசித்திருக்கிறேன். இந்த ஒரு வருடத்தில் சில்க்சாங், எக்ஸ்பெடிஷன் 33, பலாட்ரோ, டேவ் தி டைவர் எல்லாம் வீட்டுக் கணினியில் விளையாடினேன். எல்டன் ரிங் கொஞ்சம். இரவில் கூட்டாளிகளோடு பப்ஜி. சில்க்சாங்கில் வழி தெரியாமல் நேரம் வீணாகிறது என்பதால், பக்கத்தில் போனை வைத்து யூடியூபைப் பார்த்துப் பார்த்துத்தான் போகிறேன். அப்படியும் பாதியில் நிற்கிறது. தங்கச்சி வேறு பின்னால் நின்று "இடப்பக்கம் போ, இடப்பக்கம் போ" என்று ஒரே கரைச்சல். அப்பா கடற்தொழில் செய்கிறவர். இது சின்னப்பிள்ளை வேலை என்கிறார். அடுத்து எதை விளையாடலாம்? பழைய பிஎஸ்4 கேம் கருவி ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

பிஎஸ்4 வேண்டாம். சில்க்சாங் ஓடுகிற கணினி வீட்டில் இருக்கிறது, அது போதும். பப்ஜி பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கூட்டாளிகளோடு சத்தம் போட்டுச் சிரிக்கிறீர், சரி. எக்ஸ்பெடிஷன் 33, 2025 இல் ஆண்டின் சிறந்த கேம் என்று விருது வாங்கியது. வாங்கவேண்டியதுதான். அப்பாவோடு வாதாடாதீர். ஒருநாள் பக்கத்தில் இருத்தி டேவ் தி டைவரைக் காட்டும். பகலில் கடலில் இறங்கி மீன் குத்தி, இரவில் கடையில் அதையே சமைத்துக் கொடுக்கிறவர்களின் கதை என்று சொல்லும். எந்த மீன் எந்த ஆழத்தில் வரும், எது வராது என்று அவரே தொடங்கிவிடுவார்.

இனி அந்தப் போனுக்கு வருகிறேன். உம்மோடு எனக்குக் கோபம் அதில்தான்.

சில்க்சாங்கைச் செய்தது அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரத்தில் மூன்று பேரை மையமாகக் கொண்ட சிறு குழு. 2019 இல் அறிவித்தார்கள், 2025 செப்டெம்பர் 4 இல்தான் வெளியிட்டார்கள். எந்தச் சுவரை உடைத்தால் பாதை வரும், எந்த மூலையில் ஒருவர் தனியே இருந்து பாடுவார் என்று ஆறு வருடத்துக்கு மேலாக யோசித்து யோசித்து ஒளித்து வைத்திருக்கிறார்கள். நீர் முதல் நாளே யூடியூபில் அதைத் திறந்து பார்த்துவிட்டு, நேரம் வீணாகிறது என்று எழுதுகிறீர். வழி தவறி நின்ற நேரத்தைக் கழித்துவிட்டால் அந்தக் கேமில் மிச்சம் என்ன இருக்கிறது தம்பி? பொத்தான் அழுத்துவதுதானே?

அதே குழு அதற்கு முன் செய்த ஹாலோ நைட் கேமை எடுத்துக்கொள்ளும். புது இடத்துக்குள் போனால் கையில் வரைபடம் இராது. இருட்டில் அலைய வேண்டும். எங்கோ தரையில் கடதாசிகள் சிதறிக் கிடக்கும், மெல்ல ஒரு முணுமுணுப்புக் கேட்கும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனால் வரைபடக்காரர் கோர்னிஃபர் குந்தியிருந்து வரைந்துகொண்டிருப்பார். அவர் விற்பதும் அரைகுறை வரைபடம்தான். மிச்சத்தை நாம் நடந்து நடந்து, ஒரு வாங்கில் வந்து இருந்து ஆறும்போதுதான் அதில் கோடு ஏறும். போனில் கண்ணை வைத்திருக்கிறவருக்கு அந்த முணுமுணுப்பு எப்படிக் கேட்கும்? பாதி தூரத்தில் உமக்கு அலுத்துப்போனதற்குக் கேம் காரணமில்லை. நீர் இன்னும் அதற்குள் போகவே இல்லை.

நம்முடைய திருகோணமலையிலேயே பாரும். கோணேசர் மலைக்குக் கீழே எத்தனை பேர் வள்ளத்தில் போய் வந்திருப்பார்கள். 1956 இல் கடலடியைப் பார்க்க மூழ்கிய மைக் வில்சனுக்கும் ஆர்தர் சி. கிளார்க்குக்கும், போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் கற்கள் அங்கே கிடந்து அகப்பட்டன. இந்த இடத்தில் இறங்கு, இன்ன கல்லுக்குப் பின்னால் பார் என்று காட்டித்தர அவர்கள் பக்கத்தில் போன் ஒன்றும் இருக்கவில்லை.

போன மாதம் அம்மாவின் அலுமாரியை ஒதுக்கும்போது ஒரு கணக்குக் கொப்பி அகப்பட்டது. சதுரக் கட்டம் போட்ட கொப்பி. அன்றிலிருந்து இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உம்முடைய கடிதமும் அந்த நேரம் பார்த்து வந்தது.

1996 ஆம் ஆண்டு. மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றி நாடு முழுக்க மின்வெட்டு. நாங்கள் திருக்கடலூரில் இருந்தோம். சந்திக்குச் சந்தி சோதனைச்சாவடி, இருட்டினால் வெளியே போக முடியாது. கொழும்பில் வேலை செய்த மாமா கொண்டுவந்து வைத்த கணினியில் பிரின்ஸ் ஒஃப் பெர்சியா என்ற கேம் இருந்தது. 12 கட்டங்கள், 60 நிமிடம். அதற்குள் இளவரசியிடம் போய்ச் சேர வேண்டும். விட்ட இடத்தைச் சேமித்து வைக்க வழி இருந்தது என்பது எங்களுக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. கரண்ட் போனால் மறுபடி முதலில் இருந்துதான்.

நானும் இரண்டு மச்சான்மாரும் மாறி மாறி விளையாடுவோம். அக்காவுக்கு 16 வயது, சாதாரண தரப் பரீட்சை. கதிரைக்குப் பின்னால் நின்று பார்ப்பாள். அவளுக்கு நாங்கள் ஒருநாளும் இடம் விட்டதில்லை. கேட்டாளா என்பதும் எனக்கு நினைவில்லை, அவ்வளவுக்குக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். அவள்தான் அந்தக் கொப்பியில் வரைந்தாள். திரை ஒன்றுக்கு ஒரு சதுரம். வெட்டுகிற கத்திக்குச் சிவப்பு, கழன்று விழும் கல்லுக்குப் புள்ளி, மருந்துப் போத்தலுக்கு வட்டம், நஞ்சுப் போத்தலுக்கு வட்டத்துக்குள் பெருக்கல். கரண்ட் போனபிறகு குப்பி விளக்கில் அந்தக் கொப்பியை நடுவில் வைத்து, அடுத்த நாள் எங்கே எத்தனை நிமிடம் மிச்சம் பிடிக்கலாம் என்று கணக்குப் போடுவோம்.

அந்தக் கேமைச் செய்த ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் பாயவும் விட்டுப் படம்பிடித்து, அதைப் பார்த்துத்தான் இளவரசனின் அசைவுகளை வரைந்தார். புதிதாக ஓர் எதிரியை வரைய அந்தக் காலத்து ஆப்பிள் 2 கணினியின் நினைவகத்தில் இடமில்லை. அதனால் இளவரசனின் உருவத்தையே நிழலாக்கி எதிரியாக நிறுத்தினார். நான்காம் கட்டத்தில் கண்ணாடிக்குள்ளால் பாயும்போது அந்த நிழல் பிரிந்து ஓடும். 12 ஆம் கட்டத்தில் வாளோடு வந்து எதிரே நிற்கும்.

அங்கேதான் நாங்கள் மாட்டிக்கொண்டோம். அவனை வெட்டினால் நமக்கும் உயிர் குறைகிறது. நாட்கணக்காக வெட்டினோம், நாட்கணக்காகச் செத்தோம். ஒருநாள் அக்கா பின்னால் இருந்து சொன்னாள், "அவனுக்கு விழுற அடி உனக்குத்தானே குறையுது. வாளை உள்ளுக்குப் போடு." போட்டால் வெட்டிப்போடுவான் என்று கத்தினேன். அவள் என் தோளுக்கு மேலால் கையை நீட்டி ஒரு விசையை அழுத்தினாள். வாள் உறைக்குள் போனது. எதிரே அவனும் வாளைப் போட்டான். ஓடிப்போய் இரண்டு பேரும் ஒருவராகிவிட்டார்கள்.

அந்த மாதங்கள் முழுக்க அந்தக் கேமை உண்மையாக விளையாடியவள் அவள்தான் தம்பி. பக்கத்தில் போன் ஒன்று இருந்து யாரோ வழி சொல்லியிருந்தால் எங்களுக்கு அக்கா தேவைப்பட்டிருக்க மாட்டாள். அவள் அதைக் கண்டுபிடித்திருக்கவும் மாட்டாள்.

அடுத்த திரைக்குப் போகும் முன்பே கரண்ட் போய்விட்டது. பிறகு மாமா கணினியைக் கொண்டுபோய்விட்டார். அக்கா இப்போது கனடாவில் இருக்கிறாள். கொப்பி கிடைத்ததைப் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நிழலுக்கு அடுத்த சதுரத்தை வெறுமையா விட்டிருப்பனே, அங்க என்னடா இருந்தது?" என்று கேட்டாள். எனக்குத் தெரியும். தரையே இல்லாத வெளியில் காலை வைக்க வேண்டும், ஓட ஓடக் கல் வந்து சேரும். நான் சொல்லவில்லை. அந்தக் கேமை அவளுக்கு அனுப்பிவைத்தேன். மூன்றாம் கட்டத்தில் நிற்கிறாளாம், புதுக் கொப்பி வாங்கியிருக்கிறாளாம்.

அடுத்து எதை விளையாடலாம் என்று கேட்டீர். சில்க்சாங்கைத்தான், முதலில் இருந்து, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு. தங்கச்சிக்கு ஒரு கதிரை போடும். ஒருமுறை அவள் விளையாட நீர் பின்னால் நில்லும். கரைச்சல் என்று எழுதியதை அவளிடம் காட்டிவிடாதீர்.

அவள் இடப்பக்கம் போகச் சொன்னாளே, அது எந்த இடம்? அங்கே போய்ப் பார்த்தீரா? பார்த்துவிட்டு எனக்கு எழுதும்.

அன்புடன்,
அண்ணா