பஸ் நின்றதுதான் மிச்சமா?

கேள்வி: சென்ற வாரம் காரைக்குடி ஐந்து விளக்கு அருகே பத்துப் பதினைந்து பேர் 'போரை நிறுத்து' என்று அட்டை பிடித்து நின்றார்கள். எங்கோ நடக்கிற சண்டைக்கு இங்கே நின்று என்ன ஆகப்போகிறது? 2003-இல் உலகமே தெருவுக்கு வந்தும் இராக் போர் நின்றதா? 2008-இல் சென்னையில் கொட்டும் மழையில் மனிதச் சங்கிலியாக நின்றோமே, ஈழத்தில் குண்டு நின்றதா? நான் வந்த பஸ் கால்மணி நேரம் நின்றதுதான் மிச்சம்!
– ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: பதினேழு பேர். நானும் அதில் ஒருவன், அதனால் கணக்குத் தெரியும்.

'எங்கோ' என்று எழுதியிருப்பவர் கானாடுகாத்தான்காரர் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். உங்கள் தெருவில் ஏதாவது ஒரு பெரிய வீட்டு முகப்பில் ஏறித் தூணைத் தட்டிப் பாருங்கள். பர்மாத் தேக்கு. 1930களின் கடைசியில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்பங்கு விளைநிலம், இங்கிருந்து போய் வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. (கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயியின் வயிற்றெரிச்சலும் அதில் சேர்த்திதான். அதை மறைத்துப் பெருமை பேச எனக்கு விருப்பமில்லை.) 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ரங்கூனில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. அடுத்த சில மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் கிளம்பினார்கள். காட்டிலும் மலையிலும் நடந்து, வழியிலேயே செத்தவர்கள் ஏராளம்.

எங்கள் தெருவில் ஓர் ஆச்சி வீட்டுப் பெட்டகத்தில் ஒரு சாவி இருக்கிறது. விரல் நீளம், துருவேறி, கறுப்புக் கயிற்றில் கோத்தது. பர்மாவில் மோல்மீன் ஊர்க் கிட்டங்கியை (செட்டியார்களின் வட்டிக்கடை) பூட்டிவிட்டு அவருடைய ஐயா இடுப்பில் செருகிக்கொண்டு வந்தது. "பூட்டு என்னாச்சு ஆச்சி?" என்று கேட்டேன். "அதை ஜப்பான்காரன்ட்டத்தான் கேக்கணும்" என்றார். அந்தச் சண்டையும் தொடங்கும்போது எங்கோதான் தொடங்கியது.

இராக்குக்கு வருகிறேன். 2003 பிப்ரவரி 15 அன்று ரோமில் 30 லட்சம் பேர் என்று கின்னஸ் பதிவு, லண்டனிலும் லட்சக்கணக்கில் கூட்டம். ஐந்தே வாரத்தில் போர் தொடங்கிவிட்டது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டுக்கும் நடுவே மார்ச் 1-ஆம் தேதி துருக்கியில் நடந்ததை யாரும் சொல்வதில்லை. 62,000 அமெரிக்கத் துருப்புகள் துருக்கி மண்ணிலிருந்து வடக்கு இராக்குக்குள் இறங்க அனுமதி கேட்டார்கள். தளவாடக் கப்பல்கள் கடலில் காத்து நிற்கின்றன. அங்காராவில் நாடாளுமன்றம் கூடியிருக்கிறது. ஊருக்குள் பல்லாயிரம் பேர் 'போர் வேண்டாம்' என்று நிற்கிறார்கள். ஆதரவு 264, எதிர்ப்பு 250, நடுநிலை 19. ஆதரவு அதிகம்தான், ஆனால் வந்திருந்த அத்தனை பேரிலும் பெரும்பான்மை வேண்டும்; அதற்கு மூன்று ஓட்டுக் குறைந்தது. கப்பல்கள் குவைத்துக்குச் சுற்றிக்கொண்டு போயின. போர் நிற்கவில்லைதான். ஆனால் துருக்கி வாசல் திறக்கவில்லை. அந்த மூன்று ஓட்டு எங்கிருந்து குறைந்தது என்று நினைக்கிறீர்கள்? உறுப்பினர்கள் காதில் விழுகிற தூரத்தில் ஜனங்கள் நின்றதும் அதற்கு ஒரு காரணம்.

மனிதச் சங்கிலி... அதில் என்னிடம் சாமர்த்தியமான பதில் இல்லை. 2008 அக்டோபர் 24 அன்று சென்னையில் அத்தனை பேர் நனைந்தார்கள். 2009 மே மாதம் எல்லாம் முடிந்தது. நாம் கை கோத்தது சென்னையில், முடிவெடுத்தவர்கள் இருந்தது கொழும்பிலும் தில்லியிலும். இங்கிருந்த ஆளுங்கட்சி தில்லியிலும் கூட்டணியில் இருந்தது. சங்கிலியின் ஒரு முனை நாற்காலியில் கட்டியிருந்தது என்றுகூடச் சொல்லலாம். நின்றது குற்றமில்லை. யாரை மறித்து நிற்க வேண்டுமோ அவரையே தலைமை தாங்க விட்டோம்.

அதே 2003-இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த ஆப்பிரிக்க நாடான லைபீரியாவில் பெண்கள் இதைச் சரியாகச் செய்தார்கள். மன்ரோவியாவில் ஒரு மீன்சந்தைத் திடலில், வெள்ளை உடுப்போடு, கிறித்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் சேர்ந்து வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தார்கள். அதிபர் சார்லஸ் டெய்லரின் வாகனங்கள் போகும் சாலையோரம் அது. இடம் பார்த்தீர்களா? தினமும் அவர் கண்ணில் பட்டே ஆகவேண்டும். பிறகு கானா நாட்டு அக்ராவில் சமாதானப் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனபோது, லேமா போவீ தலைமையில் அங்கேயும் போய் மண்டப வாசலில் கை கோத்து உட்கார்ந்து, உள்ளே இருந்தவர்களை வெளியே விடவில்லை. காவலர்கள் கைது செய்ய வந்ததும், 'என் துணியை நானே களைவேன்' என்று எழுந்துவிட்டார் போவீ. தாய் ஸ்தானத்தில் இருப்பவள் அப்படிச் செய்தால் பார்க்கிற ஆணுக்குச் சாபம் என்பது அங்கத்து நம்பிக்கை. வந்தவர்கள் பின்வாங்கினார்கள். ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2011-இல் அவருக்கு நோபல் கிடைத்தது.

பதினேழு பேர் போதாது என்பது உங்கள் குறை. 1940 அக்டோபர் 17-ஆம் தேதி பவுனார் கிராமத்தில் போரை எதிர்த்துப் பேச காந்தி அனுப்பியது ஒரே ஓர் ஆளை, வினோபாவை. நாலே நாளில் அவரைக் கைது செய்தது வெள்ளைக்கார அரசு. ஒற்றை ஆள் பேச்சு ஒன்றும் ஆகாது என்றால் அவரை விட்டுவிட்டிருக்கலாமே!

கடைசியாக, உங்கள் பஸ். நாங்கள் நின்றது ஓரத்தில், சாக்கடை மூடிமேல். வண்டி போக வழி இருந்தது. அன்று நல்ல முகூர்த்தம். பேண்டு வாத்தியமும் பதினொரு காருமாக மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு போனது. உங்கள் பஸ் அதற்குப் பின்னால்தான் நின்றது. அந்த மாப்பிள்ளையைக் கண்டித்து இதுவரை எனக்கு ஒரு கடிதமும் வரவில்லை.