வயர் ஹார்னெஸ் வேலைக்கு மூன்று நாள் சான்றிதழ் போதுமா?

கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறீர்கள், வயர் ஹார்னெஸ் (வாகனங்கள், கருவிகளுக்குள் ஓடும் வயர்க் கட்டு) செய்யும் வேலைக்கு மாற மூன்று நாள் ஐபிசி 620 பயிற்சி மட்டும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது தங்கச்சி. அந்தப் பயிற்சி எது சரி, எது பிழை என்று பார்க்கக் கண்ணைத்தான் பழக்கும். கையைத் தனியாகப் பழக்க வேணும்.

ஐபிசி/டபிள்யூஎச்எம்ஏ-ஏ-620 (சுருக்கமாக ஐபிசி 620) என்பது வயர் ஹார்னெஸ் வேலைக்கு 2002இல் முதலில் வந்த தரநிலை. எந்த இணைப்பை ஏற்கலாம், எதைக் கழிக்க வேணும் என்று படங்களோடு சொல்லும். பொருட்களை 1, 2, 3 என மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது. நின்றுபோகவே கூடாத கருவிகளுக்கு வகுப்பு 3. சான்றிதழ் இரண்டு வருடம் செல்லும். காசு கட்டமுதல், எந்தத் திருத்தப் பதிப்பில் படிப்பிக்கிறார்கள் என்று கேளுங்கள். அறிவியல் நகர் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் போன்ற இடங்களில் எடுக்கும் என்.வி.கியூ. வேறு: அது ஏழு மட்டங்கள் உள்ள தேசியத் தகைமை. ஒன்று மற்றதுக்கு ஈடாகாது.

இனி கைவேலை. பழைய மோட்டார் சைக்கிள் வயரும், ராட்செட் (முழுதாக அமத்தும்வரை விடாத பல்) உள்ள கிரிம்ப் குறடும், அதன் வாய்க்குப் பொருந்தும் டெர்மினல் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) 50ம் இருந்தால் தொடங்கலாம். டெர்மினலின் காதுகளை வயரைச் சுற்றி மடித்து அமத்துவதுதான் கிரிம்ப். ராட்செட் இல்லாத குறடு வேண்டாம். முழுதாக அமர்ந்ததா என்று அதில் தெரியாது.

கிரிம்ப் செய்ததைப் பாருங்கள். வயரின் பிளாஸ்டிக் உறையைப் பிடிக்கும் காதுக்கும் உள்ளே உள்ள செம்பைப் பிடிக்கும் காதுக்கும் நடுவில் சின்ன இடைவெளி இருக்கும். அதில் உறையும் செம்பும் இரண்டுமே தெரிய வேணும். செம்பு மட்டும் தெரிந்தால் உறை கூடுதலாக உரிக்கப்பட்டிருக்கு, உறை மட்டும் தெரிந்தால் அது செம்புக் காதுக்குள் போய் மாட்டியிருக்கலாம். முன்பக்கம் செம்பு இழைகளின் நுனி கொஞ்சம் எட்டிப்பார்க்க வேணும்.

தையலில் இருந்து வருபவர்கள் சறுக்குவது இங்கேதான். வெளியே நீட்டும் நூலை நறுக்குவது அங்கே நல்ல பழக்கம். இங்கே வெளியே நீட்டும் இழையை நறுக்கினால் கம்பி மெலிந்துவிடும், சூடேறும். அப்படி நறுக்கிய இணைப்பைக் கழிக்கத்தான் வேணும். ஏழுக்குக் குறைவான இழை உள்ள கம்பியில் ஓர் இழைகூடக் காயப்படக் கூடாது. ஸ்ட்ரிப்பரில் (உறை உரிக்கும் குறடு) சரியான துளையைப் பிடித்தால் பாதிப் பிரச்சினை தீரும். கிரிம்ப் செய்யமுதல் நுனிக்கு ஈயம் பூசுகிற கராஜ் பழக்கத்தையும் விடுங்கள். அழுத்தத்தில் ஈயம் நாளடைவில் நகர்ந்து பிடி தளரும்.

இழுவைப் பரிசோதனையை வீட்டிலும் பழகலாம். யூஎல் 486ஏ என்ற அமெரிக்கத் தரநிலைக் கணக்கில் 18 கேஜ் கம்பி (0.82 சதுர மி.மீ.) 20 இறாத்தல் தாங்க வேணும், அதாவது ஏறக்குறைய 9 கிலோ. டெர்மினலை அசையாமல் மாட்டி, கம்பியில் வாளியைக் கட்டித் தொங்கவிட்டு, வாளியும் தண்ணியுமாக 9 கிலோ வரும்வரை மெதுவாக ஊற்றுங்கள். சடக்கென்று இழுத்தால் கணக்குத் தப்பும். உறைப் பக்கக் காதை அமத்தாமல் விட்டுச் சோதியுங்கள், இல்லாவிட்டால் பாரத்தை அதுவும் பங்குபோடும்.

கனெக்டரில் (டெர்மினல்களைச் செருகும் பிளாஸ்டிக் கூடு) டெர்மினலைத் தள்ளி, கிளிக் சத்தம் கேட்டு, பிறகு மெல்லப் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள். பாதி ஏறிய டெர்மினல் மல்டிமீட்டரில் நல்லதாகவே பீப் அடிக்கும். வண்டி குழிப் பாதையில் ஓடும்போதுதான் கழரும்.