ஐயர் போகிறார், நோட்டு எங்கே?

கேள்வி: எங்கள் சேகரத்து ஐயர் ஏழு வருஷம் இருந்துவிட்டு வருகிற மே மாதம் ஓய்வு பெறுகிறார். அவரை இன்னும் ஒரு வருஷமாவது விட்டுவைக்கச் சொல்லிப் பேராயருக்கு மனு கொடுக்க ஒரு தரப்பு கையெழுத்து வாங்குகிறது. 'இன்னார்தான் வரவேண்டும்' என்று இன்னொரு தரப்பு திருமண்டல அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறது. பிரிவுபசார விழாவுக்குத் தனிக் கமிட்டி போட்டு அசனம், விழா மலர், மோதிரம் எல்லாம் முடிவாகிவிட்டது. வேறு என்ன செய்ய வேண்டும்?
– சேகரச் செயலாளர் ஒருவர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: அசனத்துக்கு எத்தனை ஆடு என்பதுகூட முடிவாகியிருக்கும். அசனம் முடிந்த அடுத்த ஞாயிறு ஆராதனை நடத்தப்போவது யார்? உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், அதைக் காணோம்.

(ஐயர் என்றதும் வேறு ஊர் வாசகர்கள் குழம்ப வேண்டாம். நெல்லைச் சீமையின் புராட்டஸ்டன்ட் சபைகளில் குருவானவரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் கூப்பிடுவது பழைய வழக்கம். ஒரு ஐயரின் பொறுப்பில் இருக்கும் சபைகள் சேர்ந்தது சேகரம்; பல சேகரங்கள் சேர்ந்தது திருமண்டலம், அதற்குத் தலைவர் பேராயர். அசனம் என்பது சபையார் கூடிச் சாப்பிடும் விருந்து.)

மனுவை முதலில் கிழித்துப் போடுங்கள். ஓய்வு பெறுகிறவரைப் பிடித்து இழுப்பது அவருக்கும் மரியாதை இல்லை, வரப்போகிறவருக்கும் மரியாதை இல்லை. 'இன்னார்தான்' கோஷ்டிக்கும் அதே பதில்தான். அமெரிக்காவில் பல சபைகள் தாங்களே கமிட்டி போட்டு, விண்ணப்பம் வாங்கி, பிரசங்கம் கேட்டு, ஓட்டுப் போட்டுப் போதகரை அமர்த்திக்கொள்கின்றன. அதற்கு ஒரு வருஷத்துக்கு மேலேகூட ஆகும். அதுவரை இடைக்காலப் போதகர் ஒருவர் இருப்பார்; அவரே அந்த நாற்காலியில் நிரந்தரமாக உட்காரக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருந்த சபைகளும் உண்டு. தென்னிந்தியத் திருச்சபையில் ஐயரை அனுப்புவது திருமண்டலம். உங்களுக்குத் தேடும் தலைவலி இல்லை. அதனால்தானோ என்னவோ, 'அனுப்புகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று எல்லாவற்றையும் அவர்கள் தலையில் போட்டுவிட்டு நீங்கள் மோதிரம் பார்க்கப் போய்விட்டீர்கள்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவின் பெரியம்மா ஒருவர் இடுப்பு ஒடிந்து படுக்கையில் இருந்தார். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை ஐயர் வீட்டுக்கே வந்து திருவிருந்து, அதாவது அப்பமும் திராட்சரசமும், கொடுப்பார். அன்றைக்குக் காலையிலேயே ஆச்சி வெள்ளைச் சேலை உடுத்திக்கொள்வார். கட்டில் பக்கத்து முக்காலியில் கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைத் துணி விரித்திருக்கும். ஐயருக்கு மாற்றல் வந்தது. ஊரே பஸ் பிடித்துப் போய்ப் புது ஊரில் விட்டுவிட்டு வந்தது. அடுத்து வந்தவர் நல்ல மனிதர்தான். ஆனால் இப்படி ஒரு ஆச்சி இருப்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஐந்து மாதம் முதல் வெள்ளிக்கிழமைதோறும் அந்தத் துணி விரிக்கப்பட்டு, சாயங்காலம் மடித்து வைக்கப்பட்டது. 'ஐயருக்கு ஆயிரம் சோலி இருக்கும், விடு' என்று சொல்லி ஆச்சி எங்களையும் வாயைத் திறக்க விடவில்லை.

ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். மலர் அச்சடிக்கும் செலவில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. ஐயரோடு இரண்டு மூன்று சாயங்காலம் உட்கார்ந்து, அவர் தலைக்குள் மட்டும் இருப்பதை எழுதி வாங்குங்கள். படுக்கையில் கிடப்பவர்கள், சமீபத்தில் சாவு விழுந்த வீடுகள், கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டவர்கள், யாருக்கு மாதாமாதம் மருந்துச் செலவுக்குக் கொடுத்துவருகிறார், எந்தக் கிளைச் சபையில் ஐயருக்குக் கீழே சபையைக் கவனிக்கும் உபதேசியாருக்குச் சம்பளம் பாக்கி என்பதெல்லாம் வரட்டும். யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதை மட்டும் எழுத வேண்டாம். அதைச் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. புது ஐயர் லாரியிலிருந்து இறங்கும் முன்பே சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் தேதிகள். புது ஐயர் வரத் தாமதமானால் பக்கத்துச் சேகரத்து ஐயரைப் பொறுப்புக்குப் போடுவார்கள். மற்ற ஆராதனையை உபதேசியார் நடத்திவிடலாம். திருவிருந்து ஆராதனைக்கு ஐயரே வந்தாக வேண்டும். அவருக்கும் அவருடைய சபைகள் இருக்கின்றன, ஆகையால் எந்த ஞாயிறு என்று இப்போதே பேசி வையுங்கள். மே கடைசி, ஜூனில் கல்யாணம் வைத்திருக்கும் வீடுகளைக் கூப்பிட்டு, கல்யாண அறிவிப்பைக் கோயிலில் வாசிக்கும் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பு எந்தெந்தத் தேதி, கல்யாணத்தை யார் நடத்தி வைப்பது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்று பதிவேடுகளிலும் கையெழுத்து விடுபட்ட இடங்களை ஐயர் இருக்கும்போதே நிரப்பச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டுக்காகப் பத்து வருஷம் கழித்து ஒருவன் சான்றிதழ் கேட்டு வந்து நிற்பான்.

பழையவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓய்வு பெற்ற பிறகும் 'எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நீங்கள்தான் வரவேண்டும்' என்று அவரை இழுப்பீர்கள். போகிறவரைப் போகவிடாமல் இழுத்ததில் என்ன ஆயிற்று என்று பார்க்க நீங்கள் வெளியூர் போக வேண்டாம், பாளையங்கோட்டையே போதும். 1820-இல் அங்கே வந்த மிஷனரி ரேனியஸ் ஐயரை 1835-இல் அவருடைய மிஷன் சங்கம் விலக்கியது. அவர் ஆர்க்காட்டுப் பக்கம் போய்விட்டார். இங்கே இருந்த உபதேசிமார் சிலர் திரும்பக் கூப்பிட்டார்கள், அதே வருஷம் அவரும் வந்தார். சபைகள் இரண்டாகப் பிளந்தன. 1838-இல் அவர் இறந்த பிறகுதான் பிளவு ஆறத் தொடங்கியது. ரேனியஸ் சாதாரண ஆள் இல்லை, அவர் பக்கமும் நியாயம் இருந்தது. அப்பேர்ப்பட்டவர் விஷயத்திலேயே இப்படி. ஒரு வருஷத்துக்கு நல்லது கெட்டது எதற்கும் புது ஐயரைக் கேட்காமல் பழையவரைக் கூப்பிடுவதில்லை என்று கமிட்டியில் தீர்மானம் போடுங்கள். அவரிடமும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். நல்லவர் என்றால் அவருக்கே நிம்மதியாக இருக்கும்.

மோதிரம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐயர் குடியிருக்கும் குருமனையில் ஏழு வருஷமாகக் கயிறு கட்டி வைத்திருக்கும் குளியலறைக் கதவு ஒன்று கட்டாயம் இருக்கும். புது ஐயரம்மா வருவதற்குள் அதற்கு ஒரு தாழ்ப்பாளும் போடுங்கள்.