மயில் உள்ளானைப் பார்ப்பதும் படமெடுப்பதும்: கேள்வி பதில்

சேற்றோரத்தில் மேயும் நீண்ட அலகுப் பறவையான மயில் உள்ளான் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி (சென்னை, மேடவாக்கம்): சார், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் என்று வாராவாரம் போகிறேன். பூநாரை, கூழைக்கடா எல்லாம் கிடைக்கிறது. மயில் உள்ளான் மட்டும் கண்ணில் படவே இல்லை. அவ்வளவு அரிய பறவையா?

பதில்: அரிதெல்லாம் இல்லை. குளிருக்கு வந்துபோகும் விருந்தாளியும் அல்ல, வருடம் முழுக்க நம்மோடு இருப்பதுதான். எத்தனை மணிக்குப் போகிறீர்கள் என்று எழுதவில்லை. டிபன் முடித்துவிட்டு எட்டு மணிக்கு என்றால் காரணம் அதுதான். விடியும் முன்னும் பொழுது சாயும்போதும்தான் இது வெளியே வந்து மேயும். வெயில் ஏறினால் கோரைக்குள் போய் அசையாமல் உட்கார்ந்துவிடும்.

அடுத்தது, பார்க்கும் இடம். பூநாரைக்காகத் திறந்த நீரையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சிக்காது. தண்ணீர் வற்றி, கோரையோ சம்போ முடிந்து சேறு தொடங்குகிற ஓரம் இருக்கிறதே, அங்கேதான் இருக்கும். அந்த ஓரத்தில் பைனாகுலரை நத்தை வேகத்தில் நகர்த்துங்கள். முழுப் பறவை தெரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கண்ணைச் சுற்றி, பின்பக்கம் வால்போல நீண்ட ஒரு வெளிர்த் திட்டு. மார்போரத்திலிருந்து தோளுக்கு மேலேறும் ஒரு வெள்ளைப் பட்டை. இந்த இரண்டில் ஒன்றுதான் முதலில் தட்டுப்படும். காய்ந்த கோரைத் தாளும் அப்படியேதான் தெரியும் என்பதால் கொஞ்சம் பொறுங்கள். நடக்கும்போது பின்பக்கத்தை மேலும் கீழும் ஆட்டும். கோரைத் தாள் அப்படி ஆட்டாது.

கேள்வி (தஞ்சாவூர், கல்லூரி மாணவர்): அண்ணா, வரப்பில் நடந்தபோது காலடியிலிருந்து ஒன்று விருட்டென்று பறந்தது. அலகு நீளம். மயில் உள்ளானா, சாதா உள்ளானா?

பதில்: எப்படிப் பறந்தது தம்பி? கரகரப்பாக ஒரு சத்தம் போட்டு, வளைந்து வளைந்து உயரப் போயிருந்தால் அது குளிர்காலத்தில் வருகிற விசிறிவால் உள்ளான். மயில் உள்ளான் பெரும்பாலும் சத்தம் போடாது. அகன்ற இறக்கையை அடித்துக்கொண்டு, கால் தொங்க, பாரம் தூக்கிய மாதிரிப் போய்ப் பக்கத்து வயலிலேயே இறங்கிவிடும். அலகின் நுனியும் லேசாகக் கீழே வளைந்திருக்கும். உறவுமுறை பார்த்தால் இது மற்ற உள்ளான்களைவிட, தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழிகளுக்குத்தான் நெருக்கம்.

இறங்கிய இடத்துக்கு ஓடாதீர்கள். இரண்டாம் முறை எழுப்பினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

கேள்வி (மதுரை, பள்ளி ஆசிரியை): மார்பு செம்பழுப்பாக, பளிச்சென்று இருந்த பறவையை ஆண் என்று எழுதிப் படம் போட்டேன். பெண் என்று திருத்தினார்கள். எது சரி?

பதில்: திருத்தியவர் சொன்னது சரி டீச்சர். இந்தப் பறவையில் எல்லாம் தலைகீழ். கழுத்தும் மார்பும் செம்பழுப்பாக, கண்ணைச் சுற்றி வெள்ளை வெளேர் என்று இருப்பது பெண். ஆண் சாம்பலும் பழுப்பும் கலந்தது. ஆனால் அதன் இறக்கையில் தங்கப் பொட்டுகள் இருக்கும். நல்ல வெளிச்சத்தில் எடுத்த ஆணின் படம்தான் எனக்கு எப்போதும் ஒரு படி மேல். இளம் பறவையும் பார்க்க ஆண் மாதிரியே இருக்கும், அதனால் மங்கலாக இருப்பதையெல்லாம் ஆண் என்று எழுதிவிடவும் கூடாது.

அந்தியில் குரல் கொடுத்துத் துணையை அழைப்பதும் பெண்தான். காலி பாட்டில் வாயில் ஊதினால் வருமே, அந்த மாதிரி ‘ஊக்… ஊக்…’ என்று விட்டுவிட்டுக் கேட்கும். பெண்ணின் மூச்சுக்குழல் நீண்டு சுருண்டிருப்பதால் வருகிற குரல் அது. ஒரே பருவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களோடு சேரும். ஒவ்வொரு கூட்டிலும் பெரும்பாலும் 4 முட்டை. இட்டுவிட்டுப் போய்விடும். ஏறத்தாழ மூன்று வாரம் அடைகாப்பதும், பொரித்த குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மேய்ப்பதும் அப்பன் வேலை.

கேள்வி (கோயம்புத்தூர்): 150-600 லென்ஸ் வைத்திருக்கிறேன். அந்தி வெளிச்சத்தில் எடுத்தால் படம் ஆடிப்போகிறது, இல்லை என்றால் புள்ளி புள்ளியாக வருகிறது. பெண் பறவையின் கண் திட்டு வேறு வெந்து வெள்ளையாகிவிடுகிறது.

பதில்: லென்ஸ் போதும், இதற்குமேல் காசு போட வேண்டாம். கையில் பிடித்து எடுப்பதுதான் சிக்கல். அரைப் பை அரிசியோ மணலோ நிரப்பிய துணிப்பையைத் தரையில் வைத்து, லென்ஸை அதன்மேல் படுக்க வையுங்கள். நீங்களும் படுக்க வேண்டியிருக்கும், சட்டையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பறவையின் கண்மட்டத்துக்கு இறங்கினால் முன்னாலிருக்கும் சேறும் பின்னாலிருக்கும் கோரையும் தானாகவே மங்கிவிடும். நின்றுகொண்டு எடுத்தால் சேற்றில் ஒட்டிய பொம்மை மாதிரி வரும்.

ஷட்டர் 1/500 வைத்துத் தொடங்குங்கள். பறவை உறைந்து நின்றுவிட்டால் 1/125 வரை இறங்கலாம். நடக்க ஆரம்பித்தால் அந்தப் பின்பக்க ஆட்டம் இருக்கிறதே, குறைந்த வேகத்தில் கண் தெளிவாகவும் வால் கலங்கியும் வரும். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு) 3200 போகப் பயப்பட வேண்டாம். புள்ளியைப் பின்னால் குறைத்துக்கொள்ளலாம், ஆட்டத்தை ஒன்றும் செய்ய முடியாது.

வெள்ளைத் திட்டுக்கு எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப் குறையுங்கள். செம்பழுப்பு கொஞ்சம் இருட்டாக வரும். ரா கோப்பில் (கேமரா சுருக்காமல் சேமிக்கும் கோப்பு) எடுத்தால் அதை மேலே இழுத்துக்கொள்ளலாம். வெந்த வெள்ளையை மீட்கவே முடியாது. ஆட்டோஃபோகஸை ஒற்றைப் புள்ளியில் வைத்து, அந்தத் திட்டின் விளிம்பில் நிறுத்துங்கள். பரவலாக விட்டால் கேமரா முன்னாலிருக்கும் கோரைத் தாளைத்தான் பிடிக்கும்.

ஃப்ளாஷ் வேண்டாம். இரவுக்குப் பழகிய பெரிய கண் அது.

கேள்வி (திருச்சி): குரலைப் போனில் போட்டால் வெளியே வருமாமே?

பதில்: வரலாம். இணை தேடும் நேரத்தில் இன்னொரு பெண் வந்துவிட்டது என்று நம்பி, மேய்ச்சலை விட்டுவிட்டு அலையும். நான் செய்வதில்லை, செய்பவர்களோடு போவதுமில்லை.

கேள்வி (திருவாரூர், விவசாயி): எங்கள் வயலில் கூடு இருக்கிறது. அடுத்த வாரம் அறுவடை மெஷின் வருகிறது. முட்டையை எடுத்து வேறு வரப்பில் வைத்துவிடலாமா?

பதில்: கேட்டதற்கு நன்றி ஐயா. எடுக்க வேண்டாம். இடம் மாறினால் ஆண் பறவை அங்கே வந்து அடைகாக்கும் என்று நம்ப முடியாது. முட்டையைத் தொடுவது 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் குற்றமாகவும் ஆகலாம். கூட்டைச் சுற்றி நாலைந்து மீட்டர் பயிரை மட்டும் நிற்கவிடுங்கள். நாலு மூலையிலும் கொடி கட்டிய குச்சி நட்டு, மெஷின் ஓட்டுபவரிடம் முதல்நாளே காட்டிவிடுங்கள். பொரித்த குஞ்சுகள் சீக்கிரமே கூட்டைவிட்டுக் கிளம்பிவிடும், அதன்பின் அந்தத் துண்டையும் அறுத்துக்கொள்ளலாம்.

பறவை உங்களைப் பார்த்து இறக்கையையும் வாலையும் விரித்து, பொட்டு பொட்டாகக் காட்டிச் சீறினால் அது அழகு காட்டுவதல்ல, மிரட்டுகிறது. உடனே விலகிவிடுங்கள். படமெடுக்க யாராவது வழி கேட்டால் காட்ட வேண்டாம். கூட்டுக்குப் போகும் ஒற்றையடித் தடம் விழுந்தால் கீரியும் காக்கையும் அதே வழியில் வந்துவிடும்.

கேள்வி (புதுச்சேரி): கேமரா இல்லை, போன்தான். பயன் உண்டா?

பதில்: படத்துக்குக் கஷ்டம், பதிவுக்குத் தாராளம். அந்தியில் குரலைப் பதிவு செய்து, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இணையதளமான இ-பேர்டில் ஏற்றுங்கள். படமில்லாத பதிவைவிட அதற்கு மதிப்பு அதிகம். கூடு என்றால் மட்டும் இடத்தைத் துல்லியமாகப் போடாதீர்கள்.

கேள்வி (சென்னை, தாம்பரம்): லீவு போட்டு ஒரே ஒரு வாரம்தான் வர முடியும். எப்போது?

பதில்: ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பிக் கிடக்கும்போது வராதீர்கள், ஓரமே இருக்காது. தை பிறந்து தண்ணீர் இறங்கி, சேறு தெரிய ஆரம்பித்தபின் வாருங்கள். மாலை ஐந்து மணிக்கே போய் உட்கார்ந்துவிட வேண்டும். ரோட்டோர வயல் என்றால் காரைவிட்டு இறங்காமல் கண்ணாடியை இறக்கிவிட்டு எடுங்கள். காருக்குப் பறவை பயப்படாது, கதவு திறக்கும் சத்தத்துக்குப் பயப்படும். வரப்பில் உட்காருவதானால் முழங்கால் வரை பூட்ஸும் கையில் டார்ச்சும் கட்டாயம், எலி இருக்கும் வரப்பில் கண்ணாடி விரியனும் இருக்கும். நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்காருங்கள். எந்த மடையோரம் மேய்கிறது என்று பெரும்பாலும் அவருக்கே தெரிந்திருக்கும்.