பித்தப்பைக் கல்லுக்கு வயிற்றைக் கிழிக்காமல் சிகிச்சை உண்டா?

கேள்வி: எனக்கு 47 வயது. குமுளிக்கு அருகே ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் வேலை பார்க்கிறேன். சில ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். கொஞ்ச காலமாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வலப்பக்க மேல்வயிற்றில் வலி தொடங்கி, முதுகுக்கும் வலது தோள்பட்டைக்கும் பரவி, ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானாக அடங்குகிறது. கேஸ் என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். கம்பத்தில் ஸ்கேன் எடுத்தபோது பித்தப்பையில் பல கற்கள் இருப்பதாகவும், பெரியது 9 மி.மீ. என்றும் சொன்னார்கள். லேப்ராஸ்கோப்பி செய்து பித்தப்பையையே எடுத்துவிட வேண்டுமாம். என் பெரியம்மாவுக்கு முன்பு வயிற்றைக் கிழித்து இதே ஆபரேஷன் செய்தபோது மூன்று மாதம் தோட்டத்துக்குப் போக முடியவில்லை. சிறுநீரகக் கல்லைப் போல இதையும் உடைக்க முடியாதா? மாத்திரையில் கரையாதா? ரோபோ வைத்துச் செய்தால் இன்னும் நல்லது என்கிறார்களே, அது உண்மையா?
– ஒரு வாசகி, இடுக்கி மாவட்டம்

பதில்: பித்தப்பைக் கல்லால் வரும் வலிக்கு உரிய அடையாளங்கள் எல்லாமே உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. கல்லீரல் நாள்தோறும் முக்கால் லிட்டர் அளவுக்குப் பித்தநீரைச் சுரக்கிறது. அதில் ஒரு பகுதியை வாங்கிக் கெட்டியாக்கி வைத்துக்கொள்ளும் சிறிய பைதான் பித்தப்பை. எண்ணெயும் கொழுப்பும் உள்ள உணவு குடலுக்குள் இறங்கியதும் அந்தப் பை சுருங்கிப் பித்தநீரை வெளியேற்றுகிறது. அந்த நேரத்தில் ஒரு கல் பையின் கழுத்தில் போய் அடைத்துக்கொண்டால், பை எவ்வளவு சுருங்கினாலும் நீர் வெளியேற வழியின்றி வலி உண்டாகிறது. கல் பின்னுக்கு நழுவியதும் வலி நின்றுவிடுகிறது. பகலில் தோட்டத்தில் லேசாகச் சாப்பிட்டுவிட்டு, வீடு திரும்பிய பிறகு இரவில்தான் வயிறாரச் சாப்பிடும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு என்பதால், பலருக்கு இந்த வலி இரவிலேயே வருகிறது. அதைக் கேஸ் என்று எண்ணி மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குவதும் இங்கே வழக்கமாகிவிட்டது.

எல்லாப் பித்தப்பைக் கற்களுக்கும் அறுவைச் சிகிச்சை தேவையில்லை. வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்து, வலியே தராமல் இருக்கும் கற்களைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவைக்கலாம். சர்க்கரை நோய் இருக்கிறது என்பது மட்டுமே அவற்றை எடுப்பதற்குப் போதிய காரணமாகாது. உங்கள் நிலை வேறு. ஒரு முறை வலி காட்டிய கல் மீண்டும் வலி காட்டவே வாய்ப்பு அதிகம். அழற்சி, மஞ்சள் காமாலை, கணைய வீக்கம் ஆகிய சிக்கல்களும் இத்தகைய கற்களாலேயே பெரும்பாலும் வருகின்றன. ஆகவே உங்களுக்குக் கொடுக்கப்பட்ட ஆலோசனை சரியானது என்றே கருதுகிறேன்.

சிறுநீரகக் கல்லை உடலுக்கு வெளியே இருந்து அதிர்வலை செலுத்தி உடைக்கும் முறை 1980-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் தொடங்கியது. உடைந்த துகள்களைச் சிறுநீரே அடித்துக்கொண்டு போய்விடுவதால் அங்கே அது பயன் தருகிறது. பித்தப்பைக் கல்லுக்கும் அதே முறையைச் சில ஆண்டுகள் முயன்று பார்த்தார்கள். ஆனால் பித்தப்பையிலிருந்து வெளியேறும் குழாய் மிகக் குறுகியது. உடைந்த துண்டுகள் அதன் வழியே நழுவி, கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீரைக் கொண்டுபோகும் பொதுப் பித்தக்குழாயில் சிக்கினால், வெறும் வலியாக இருந்தது மஞ்சள் காமாலையாக மாறிவிடும். கல்லை உற்பத்தி செய்யும் பை உள்ளேயே இருப்பதால் பலருக்குக் கற்கள் திரும்பவும் உருவாயின. அதனால் அந்த முறை ஏறக்குறைய கைவிடப்பட்டுவிட்டது.

கரைக்கும் மாத்திரைக்கும் இதே குறை உண்டு. அர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்ற மருந்து கொலஸ்ட்ரால் வகைக் கற்களை மட்டுமே, அதுவும் சிறியவையாகவும் பித்தப்பை நன்றாகச் சுருங்கக் கூடியதாகவும் இருந்தால் மட்டுமே, பல மாதங்கள் தொடர்ந்து சாப்பிட்டால் கரைக்கும். தென்னிந்தியர்களிடம் நிறமிக் கற்கள் கணிசமாகக் காணப்படுகின்றன; அவை இந்த மாத்திரைக்குக் கரைவதில்லை. கரைந்தவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் கற்கள் மறுபடியும் தோன்றுகின்றன. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆலிவ் எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் கலந்து குடித்தால் கற்கள் மலத்தோடு வெளியேறும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வைத்தியம் சுற்றுகிறது. மறுநாள் பச்சை நிற உருண்டைகள் வெளியே வருவது உண்மைதான். குடித்த எண்ணெயே குடலுக்குள் மாற்றமடைந்து சோப்புப் போன்ற உருண்டைகளாகிறது என்பதைச் சோதனைச் சாலையில் காட்டியிருக்கிறார்கள். அவ்வளவு எண்ணெயை ஒரே நேரத்தில் குடிப்பது பித்தப்பையை வலிந்து சுருங்கச் செய்யும் என்பதால், உங்களைப் போன்றவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவைக்கலாமே என்று பலர் கேட்பார்கள். பையை விட்டுவைத்தால் அதில் மறுபடியும் கல் சேரும். பை இல்லாவிட்டாலும் கல்லீரல் பித்தநீரைச் சுரந்து நேராகக் குடலுக்கு அனுப்பிக்கொண்டேதான் இருக்கும், செரிமானம் நடக்கும். சிலருக்குச் சில வாரங்கள் மலம் இளகிப் போகலாம், அதுவும் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும்.

இனி உங்கள் பெரியம்மாவின் அனுபவத்துக்கு வருகிறேன். பித்தப்பையை அகற்றும் முதல் அறுவைச் சிகிச்சையைக் கார்ல் லாங்கன்பூக் 1882-இல் பெர்லினில் செய்தார். அதன் பிறகு நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, வலது விலா எலும்புகளுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தோலையும் தசையையும் வெட்டித்தான் இதைச் செய்துவந்தார்கள். 1985-இல் எரிக் மூஹே என்ற ஜெர்மானிய மருத்துவர் சிறு துளைகளின் வழியே, அதாவது லேப்ராஸ்கோப்பி முறையில், பித்தப்பையை எடுத்துக் காட்டியபோது, அந்நாட்டு அறுவை மருத்துவர்கள் அவரைப் பாராட்டவில்லை, ஏளனம்தான் செய்தார்கள். 1987-இல் பிரான்சின் லியோன் நகரில் ஃபிலிப் மூரே செய்த பிறகே இம்முறை வேகமாகப் பரவியது. இந்தியாவில் 1990-இல் மும்பையில் தெஹம்டன் உத்வாடியா தொடங்கிவைத்தார். இன்று மாவட்ட அளவிலான மருத்துவமனைகளிலும் நடக்கும் வழக்கமான சிகிச்சையாக அது ஆகிவிட்டது.

முழு மயக்கம் கொடுத்த பின், தொப்புள் அருகே சுமார் 10 மி.மீ. துளையிட்டு, கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றுச் சுவரை உள்ளுறுப்புகளிலிருந்து உயர்த்துவார்கள். அந்த வாயு தீப்பற்றாது. ரத்தத்தில் எளிதில் கரைந்து மூச்சோடு வெளியேறிவிடும். தொப்புள் வழியே கேமராவையும், மேல்வயிற்றில் இடும் மூன்று சிறு துளைகள் வழியே கருவிகளையும் நுழைத்து, திரையைப் பார்த்தபடி பித்தப்பையின் குழாயையும் ரத்தக்குழாயையும் கிளிப்பிட்டு வெட்டி, கல்லீரலிலிருந்து பையைப் பிரித்துத் துளையின் வழியாகவே வெளியே எடுப்பார்கள். பலர் மறுநாளே வீடு திரும்பிவிடுகிறார்கள். ஓரிரு நாள் தோள்பட்டையில் வலி இருக்கலாம். செலுத்திய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது அது, பயப்பட வேண்டியதில்லை.

வெட்டு சிறியதாகிவிட்டது என்பதால் உள்ளே நடப்பதும் சிறியது என்று எண்ணிவிடக் கூடாது. அந்தக் காலத்தில் வயிற்றைத் திறந்து என்ன செய்தார்களோ அதையேதான் இப்போதும் உள்ளே செய்கிறார்கள். இப்போது தவிர்க்கப்படுவது வயிற்றுச் சுவருக்கு நேரும் பெரிய காயம் மட்டுமே. உங்கள் பெரியம்மாவை மூன்று மாதம் வீட்டில் வைத்ததும் அந்தக் காயம்தான். ஆபத்தான இடம் பித்தப்பையின் கழுத்தை ஒட்டிய சிறு முக்கோணப் பகுதி. அங்கே பொதுப் பித்தக்குழாயைப் பித்தப்பைக் குழாய் என்று தவறாக எண்ணி வெட்டிவிட்டால், அதைச் சரிசெய்யப் பெரிய அறுவைச் சிகிச்சையே தேவைப்படும். இது அபூர்வம், பல ஆய்வுகளின்படி ஆயிரம் பேரில் இரண்டு முதல் ஐந்து பேர் வரை நேர்கிறது. ஆனாலும் திறந்த முறையில் நேர்ந்ததைவிடச் சற்றுக் கூடுதல். இதைத் தவிர்க்கவே, பித்தப்பைக்குள் செல்பவை இரண்டே இரண்டு குழாய்கள்தான் என்பதைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்கும்வரை எதையும் வெட்டக் கூடாது என்ற விதியை 1995-இல் ஸ்ட்ராஸ்பெர்க் என்ற அமெரிக்க மருத்துவர் வலியுறுத்தினார். இன்றும் நல்ல அறுவை மருத்துவர்கள் கடைப்பிடிப்பது அதைத்தான்.

சில நேரம் பழைய அழற்சியால் எல்லாம் ஒட்டிக்கொண்டு அந்த இரண்டும் தெளிவாகத் தெரியாமல் போகும். அப்போது மருத்துவர் துளை முறையை விட்டுவிட்டு வயிற்றைத் திறக்கலாம், அல்லது பையின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்தலாம். ‘லேப்ராஸ்கோப்பி என்று சொல்லிவிட்டு வயிற்றைக் கிழித்துவிட்டார்கள்’ என்று உறவினர்கள் மருத்துவமனை வராந்தாவில் சண்டையிடுவதைப் பார்த்திருக்கிறேன். நோயாளியின் உயிரைக் காக்க எடுக்கும் முடிவு அது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ரோபோ என்பது தானே அறுவை செய்யும் இயந்திரம் இல்லை. மருத்துவர் சற்றுத் தள்ளி அமர்ந்து அதன் கைகளை இயக்குகிறார். புராஸ்டேட் போன்ற ஆழமான, குறுகலான இடங்களில் அதன் வளையும் கைகளும் உதவுகின்றன. பித்தப்பைக்கு அதனால் நோயாளிக்குத் தெளிவான கூடுதல் நன்மை நிறுவப்படவில்லை. செலவு மட்டும் கூடுகிறது. அமெரிக்க முதியோர் காப்பீட்டுப் பதிவுகளை வைத்து 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், ரோபோ முறையில் பித்தக்குழாய்க் காயம் லேப்ராஸ்கோப்பியைவிட அதிகமாகவே காணப்பட்டது. தொப்புளில் ஒரே துளை போட்டுச் செய்யும் முறைக்கும் என்னிடம் பெரிய ஆர்வம் இல்லை. தழும்பு மறைந்தாலும், அந்த இடத்தில் பிற்காலத்தில் குடலிறக்கம் வரும் வாய்ப்பு கூடுகிறது. மூட்டை தூக்கும் உழைப்பாளிக்கு அது நல்ல பேரம் ஆகாது. இந்த அறுவையைத் தினமும் செய்து பழகிய கை கிடைத்தால், வழக்கமான நான்கு துளைகளே உங்களுக்குப் போதும்.

அறுவைக்கு முன் கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை அவசியம். அதிலோ ஸ்கேனிலோ பொதுப் பித்தக்குழாயில் கல் இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால், எம்.ஆர்.சி.பி. எனும் ஸ்கேன் எடுப்பார்கள். கல் இருப்பது உறுதியானால், வாய் வழியே எண்டோஸ்கோப்பைச் செலுத்தி, குடலில் பித்தக்குழாய் திறக்கும் இடத்தைச் சற்று அகலப்படுத்திக் கல்லை எடுக்கும் இ.ஆர்.சி.பி. முறையை முதலில் செய்துவிட்டு, அடுத்துப் பித்தப்பையை எடுப்பது வழக்கம். வெளியே ஒரு வெட்டும் இல்லாத முறை என்றாலும், சிலருக்கு அதனால் கணைய அழற்சி வருவதுண்டு. எனவே தேவைப்படுகிறவர்களுக்கு மட்டுமே அதைச் செய்வார்கள்.

மூன்று மாதச் சம்பளம் போய்விடுமோ என்ற கவலைதான் உங்கள் கடிதத்தில் மேலோங்கி இருக்கிறது. துளை முறையில் எல்லாம் சரியாக முடிந்தால், ஓரிரு நாளில் வீட்டுக்குள் நடமாடலாம். ஒன்றிரண்டு வாரத்தில் உட்கார்ந்தபடி செய்யும் வேலைகளைத் தொடங்கலாம். தோட்ட வேலை அப்படியானதல்ல. ஏலச்செடியின் அடியில் குனிந்தும் குந்தியும் காய் எடுப்பது, ஈரச் சரிவில் ஏறி இறங்குவது, மூட்டையைத் தூக்குவது என எல்லாமே வயிற்றுத் தசையை இழுப்பவை. ஆகவே நான்கு வாரம் முழுமையாக ஓய்வெடுங்கள். மூட்டை தூக்குவதை அதன் பிறகும் இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள். வேறு வழியின்றி வயிற்றைத் திறக்க நேர்ந்தால் ஆறு முதல் எட்டு வாரம் வேண்டியிருக்கும். காய் எடுப்பு மும்முரமாக இருக்கும் மாதங்களைத் தவிர்த்து நாள் குறித்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் வலி அடிக்கடி வரத் தொடங்கினால் காத்திருக்க வேண்டாம். அழற்சி முற்றிய பித்தப்பையில் சிக்கலும் அதிகம், வயிற்றைத் திறக்க நேரும் வாய்ப்பும் அதிகம். காத்திருக்கும் நாட்களில் எண்ணெயில் பொரித்தவற்றையும் கொழுப்பு நிறைந்த இறைச்சியையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் துளைகளில் சீழ் பிடிக்கலாம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையைச் செய்துகொண்டு, நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் மயக்க மருந்து நிபுணரிடம் காட்டுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சில சர்க்கரை மாத்திரைகளை அறுவைக்கு மூன்று நாட்களுக்கு முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

நீங்கள் கேரளத்தில் இருந்தாலும் கீழே இறங்கித்தான் வைத்தியம் பார்ப்பீர்கள் என்று எண்ணுகிறேன். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, மேற்குப் பக்கம் கோட்டயம் மருத்துவக் கல்லூரியிலோ விசாரித்துப் பாருங்கள். கேரள அரசின் மருத்துவக் காப்பீடான காருண்யா ஆரோக்ய சுரக்ஷா திட்ட அட்டை உங்களிடம் இருந்தால், அது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை செலவை ஏற்கும் தேசியத் திட்டத்தோடு இணைந்தது என்பதால், மாநில எல்லைக்கு அப்பாலும் பயன்பட இடமுண்டு. ஆனால் சேரும் நாளில் போய் நின்றுகொண்டு கேட்காமல், முன்கூட்டியே அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் அட்டையைக் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இடைப்பட்ட நாட்களில் வலி ஐந்தாறு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்தாலோ, விடாத வாந்தியோடு வலி முதுகைத் துளைத்தாலோ, இரவென்று பார்க்காமல் மலையிறங்கி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அறுவைக்குப் பிந்தைய நாட்களிலும் இதே அறிகுறிகளுக்கு இதே அவசரம்தான். எடுத்த பித்தப்பையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். தையல் பிரிக்கப் போகும்போது அதன் முடிவையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.