மரைக்குப் பாண் கொடுக்கலாமா?

கேள்வி: ஹோட்டன் சமவெளி வாகனத் தரிப்பிடத்தில் மரைகள் ஆட்களின் கையருகே வந்து வாயை நீட்டுகின்றன. ஒரு துண்டு பாண் கொடுத்தால் என்ன கெட்டுவிடும்? (நுவரெலியா வாசகர்)

பதில்: உங்களுக்கு முன்னும் பின்னும் நூறு பேர் அதே ஒரு துண்டோடு நிற்கிறார்களே! மரை அசைபோடும் பிராணி. அதன் நான்கறை வயிற்றில் முதலறை நுண்ணுயிர்களின் வீடு. புல்லின் நாரை உடைப்பது அவைதான். பாணோ பிஸ்கட்டோ அங்கே போனால் மாப்பொருள் சட்டென்று நொதித்து லக்டிக் அமிலம் பெருகும். அமிலம் ஏறினால் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடியும். பிறகு அசைபோடுவது நின்று வயிற்றோட்டம் தொடங்கும். காலடியில் புல் கிடந்தும் அதைச் செரிக்க வழியிருக்காது.

பொலித்தீன் இதைவிட மோசம். சாப்பாட்டின் உப்பும் எண்ணெயும் ஒட்டிய உறையை மரை அப்படியே விழுங்கிவிடும். அது செரிக்காது, புல்லோடு சேர்ந்து பந்தாகத் திரண்டு, முதலறையிலிருந்து உணவு இறங்கும் வழியை அடைக்கும். வயிறு உப்பியிருக்க, மரை பட்டினியால் சாகும். நுழைவாயிலில் பைகளைச் சோதித்துப் பொலித்தீனை எடுத்துவிடுவது இதற்காகத்தான்.

பகலில் முகிற்காட்டுக்குள் ஒதுங்கி, அந்தி சாயப் புல்வெளிக்கு வருவதே மரையின் இயல்பு. நண்பகலில் தரிப்பிடத்தில் நிற்பது ஆட்கள் பழக்கிக் கெடுத்த மரை. சாப்பாட்டை வாகனத்துக்குள் வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். கொம்புள்ள ஆணிடம் செல்பி எடுக்கப் போகவே வேண்டாம். வளர்ந்தது 200 கிலோவை எட்டும், இணைசேரும் காலத்தில் அதன் குணமும் மாறும்.

கேள்வி: ஒரு மரையின் தொண்டையில் மயிரில்லாமல் சிவந்த இடம் கண்டேன். வெடிபட்ட காயமா? (பண்டாரவளை வாசகி)

பதில்: தொண்டையின் அடிப்பக்க நடுவில் வட்டமாக இருந்ததென்றால் பெரும்பாலும் காயமல்ல. இணைசேரும் காலத்தில் ஆண், பெண் இரண்டிலும் தெரியும் சுரப்பிப் பகுதி அது. நொண்டினாலோ, ஈ மொய்த்தாலோ, கழுத்தில் சுருக்குக் கம்பி தெரிந்தாலோ வனஜீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தரிடம் இடத்தையும் நேரத்தையும் சொல்லுங்கள்.

கேள்வி: மரைகள் கொம்பை உதிர்க்குமாம். காட்டில் ஒன்றுகூடக் கண்ணில் படுவதில்லையே? (வவுனியா மாணவர்)

பதில்: முள்ளம்பன்றி முந்திக்கொள்கிறது. கொம்பு முழுக்க எலும்பு. கல்சியத்துக்காகவும் பொசுபரசுக்காகவும் அதைக் கொறித்துத் தீர்த்துவிடும். மரைகளே மெல்வதும் உண்டு. கண்டாலும் எடுத்துவராதீர்கள், தேசியப் பூங்காவிலிருந்து எதையும் அகற்றுவது குற்றம்.

கேள்வி: சருகுமான் மரையின் குட்டியா?

பதில்: இல்லை, அது மான் குடும்பமே அல்ல. கொம்பு முளைக்காது, ஆணுக்கு மேல்வாய்க் கோரைப்பல் நீண்டிருக்கும், வயிற்றில் மூன்றறைதான். இலங்கையின் உலர் வலயத்தில் வாழ்வதும் ஈர வலயத்தில் வாழ்வதும் வெவ்வேறு இனங்கள் என்று 2005இல் பிரித்தார்கள்.